நடு மல்லாட்டை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக் கல்லூரிக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் போன காலத்தில், புரோகிராமிங் போட்டிகளுக்கு நானும் என் தோழியும் ஒரே அணி. பயிற்சிக்கு எடுத்த ஒரு புதிர் எங்களை நாள்கணக்கில் வதைத்தது. வரிசையாகக் கற்கள். இருவர் மாறி மாறி ஆட வேண்டும். ஒரு கல்லை எடுக்கலாம், இல்லை ஒட்டியிருக்கும் இரண்டை எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவருக்கு வெற்றி. முதலில் ஆடும் நம் புரோகிராம் தோற்கவே கூடாது.

எல்லா வழியையும் கணினியே முயன்று பார்க்கட்டும் என்று எழுதினேன். முட்டாள்தனம். கற்கள் கூடியதும் ‘நேரம் முடிந்தது’ என்று பயிற்சித் தளம் திருப்பி அடித்தது. ஆத்திரத்தில் லேப்டாப்பை மூடினேன்.

அவள் ரயில் சீட்டில் செய்தித்தாளை விரித்து, வறுத்த மல்லாட்டையை வரிசையாக அடுக்கினாள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. “மொறைக்காம ஆடுடி.”

நடுவில் இருந்தது பெரிது. அதை எடுத்துத் தின்றேன். அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. அவள் இடது ஓரத்தில் ஒன்று எடுத்தால் நான் வலது ஓரத்தில் ஒன்று. அவள் இரண்டு எடுத்தால் நானும் எதிர்ப்பக்கம் இரண்டு. கடைசி மல்லாட்டை என் வாய்க்குத்தான் வந்தது.

“நான் பண்றதையே காப்பி அடிச்சிக்கினு ஜெயிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“பசிக்குது. ஜல்தியா முடியட்டும்னு பண்ணேன்.”

அவள் சிரிப்பு நின்றது. “இருடி லூசு. இதான் விடை.”

அதேதான். நடுவை எடுத்துவிட்டால் இரு பக்கமும் சமம். எதிராளிக்கு ஓர் இடம் இருந்தால் எதிர்ப்பக்கம் நமக்கும் ஓர் இடம் இருக்கும். இரட்டைப்படை என்றால் நடுவில் இரண்டு. விக்கிரவாண்டி வருவதற்குள் எழுதி முடித்தோம்.

இப்போது அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை. அடுத்த மாதம் ஒரு போட்டி, இருவர் அணி. வருகிறாயா என்று கேட்டேன். “அதெல்லாம் இன்னும் பண்ணிக்கினு இருக்கியா?” என்று அனுப்பி, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருந்தாள். வேறு யாரையாவது சேர்க்கலாம். எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

நேற்று அதே ரயிலில் மல்லாட்டையை அடுக்கி, நடுவில் இருந்ததை எடுத்தேன். எதிர் சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“துன்னாம அடுக்கி வச்சி பாத்துக்கினு இருக்கியேம்மா.”

“நீங்க எடுத்துக்குங்க.”

இடது ஓரத்தில் ஒன்றை எடுத்தார். என் கை தானாக வலது ஓரத்துக்குப் போனது. அடுத்ததை எடுப்பார் என்று காத்திருந்தேன்.

“போதும்மா, கடிக்கப் பல்லு இல்ல.” முண்டியம்பாக்கத்தில் இறங்கிவிட்டார்.

மிச்ச வரிசையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ‘நீ ஆடணும்’ என்று மட்டும் எழுதினேன். விழுப்புரம் வந்துவிட்டது. பதில் வரவில்லை. மல்லாட்டையைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.