ஏழுமலை அண்ணன் கேட்ட இன்னொரு டெஸ்ட்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பழைய ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் கைகூப்பிய படத்தைப் போட்டிருந்தீர்கள். நானும் போட்டேன். போட்ட கை கூசியது.

கடலூரில் அந்த மீன் பதப்படுத்தும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி அவர் பொறுப்பு. சோதனைக்கூடம் என் பொறுப்பு. அண்ணாமலை நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். காற்றே புகாத அந்தத் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழும். ஒரு கூட்டம் கழிவை அமிலமாக்கும். அது வேகமாகப் பெருகும். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று எரிவாயுவாக்கும். அது மெதுவாகத்தான் பெருகும். அமிலம் மிஞ்சினால் தொட்டி புளித்து, மெதுவான கூட்டம் செத்துப்போகும். வாயு குறைந்தால் அண்ணன் என்னிடம் வந்து, "அதுக்கு ஒடம்பு சரியில்ல மேடம், ரெண்டு நாள் லீவு குடுங்க" என்பார். தொட்டிக்குத்தான் லீவு, அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆலை மூடிக் கிடக்கும். தொட்டிக்கும் தீனி கிடையாது. அந்த வருடம் தடை முடிந்து படகுகள் திரும்பியதும் மீன் வந்து குவிந்தது. "கழிவ கால்வாசி வுடுவோம் மேடம். பட்டினி கெடந்தவனுக்கு மொதல்ல கஞ்சிதான குடுப்போம்?" என்றார். புளிப்பைக் காட்டும் பிஹெச் சரியாக இருக்கிறது, முழுசாக விடலாம் என்றேன். "அமிலத்துக்கு இன்னொரு டெஸ்ட் போட்ருங்க. அது உள்ள ஏறிக்கினே இருக்கும், பிஹெச்சு கடைசிலதான் காட்டும்."

அந்தச் சோதனைக்கு மதியம் வரை ஆகும். எனக்கோ அன்று சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நேர்காணல். "போட்டுட்டேன் அண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் வார்த்தையை நம்பி அவர் வால்வை முழுசாகத் திறந்தார்.

மூன்றாம் நாள் தொட்டி புளித்துவிட்டது. வாயு அடியோடு நின்றது. ஆலை முடங்கியது. விசாரணையில், வால்வைத் திறந்தது யார் என்று மட்டும்தான் கேட்டார்கள். "நான்தான் சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "அந்த டெஸ்ட்டு போட்டீங்கதான மேடம்?"

"போட்டேன் அண்ணே."

அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. பிறகு அவர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக இருந்தார். கடலூர் வரும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தக் கட்டடம் தெரியும் பக்கம் உட்கார மாட்டேன். ஆனாலும் அவர் என்னை விடவில்லை. வகுப்பில் இந்த நுண்ணுயிர்களைப் பற்றிச் சொல்லும் நாட்களில், கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்து கேட்பதுபோலவே இருக்கும். அந்தப் பக்கம் பார்க்காமலே பாடத்தை முடித்துவிடுவேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெனவு தப்புற வரைக்கும் அதேதான் மேடம் சொல்லிக்கினு இருந்தாங்க. டெஸ்ட்டு நல்லாதான இருந்துச்சு, நான் எங்க தப்பு பண்ணேன்னு."

கையை விடுவித்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வேலையும், அதற்குப் பின்னால் கிடக்கும் அந்தப் பொய்யும்தான். இதைக் குழுவில் உங்களுக்கு அனுப்பும் முன் அவர் மனைவிக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை அண்ணே. நான் டெஸ்ட் போடவே இல்லை.