மக்ரூன் கேட்டால் பாலிஷ்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் போகும் சாலை. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. மக்ரூன் வாங்கலாமென்று, கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கடைக்குள் நுழைகிறேன். கடைக்கார அண்ணாச்சி முன்னால் ஒரு பெட்டி நிறைய பூட் பாலிஷ். நான் இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும் ஒரு சீட்டை என் கையில் திணிக்கிறார்.

"படிங்க சார். பாலிஷ்னு இருக்கா, இல்லியா?"

இருக்கிறது. மக்ரூனையெல்லாம் 'பாலிஷ்டு ஆஃப்', உடனே 'ஸ்டாக் அப்' என்று கப்பல் அதிகாரி எழுதியிருக்கிறார். 'ஆஃப்' என்றால் மக்ரூன் வேண்டாம், பாலிஷ்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு அண்ணாச்சி பாலிஷ் அனுப்பியிருக்கிறார். பெட்டி திரும்பி வந்துவிட்டது, மேலே கொட்டை எழுத்தில் 'முட்டாள்' என்று இங்கிலீஷில் எழுதி.

"மிச்சமில்லாம தின்னுட்டோம், மறுபடி வாங்கி நிரப்பணும்னு அர்த்தம், அண்ணாச்சி."

"தின்னாச்சுன்னு எழுதுனா கை ஒடிஞ்சா போவும்? திங்கதுக்கும் பாலிஷுக்கும் என்ன சார் சம்பந்தம்? இதுல நான் முட்டாளாம்!"

எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இது புரியாமல் விழித்த எத்தனை பிள்ளைகளை நானும் அதே வார்த்தையால் திட்டியிருக்கிறேன்!

அண்ணாச்சி சீட்டை மறுபடி பார்க்கிறார்.

"ஏயப்பா, எட்டுப் பெட்டி மக்ரூன்! ஒரே வாரத்துல வெளுத்துக் கட்டிட்டானுவளே!"

இதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினால், கப்பலிலிருந்து அழுக்குத் துணி மூட்டைதான் வந்து இறங்கும். வரட்டும். மூட்டையின் மேல் என்ன எழுதித் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியும்.