வெம்பல்

பங்சார் வீட்டில் மாம்பழப் பெட்டியைப் பிரித்தபோது எழுந்த காம்புப் பால் வாசனை என்னை நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்கு, இப்போது இல்லாத எங்கள் ரயில்வே குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டுக்கும் வசந்தா வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரம் நின்றது; ரயில் போகும்போதெல்லாம் தகரக் கூரையில் பிஞ்சுகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வடு, காய், செங்காய் என்று அம்மா பிரித்து வைப்பார். எல்லாவற்றுக்கும் முன்பே மஞ்சளாகி விழுந்துவிடுவதற்கு ‘வெம்பல்’ என்று பெயர்.

வசந்தாவுக்கு அம்மா இல்லை. பதினொரு வயதிலேயே சமைத்து, துவைத்து, கைக்குழந்தையான தங்கையையும் வளர்த்தாள். “அந்தப் பிள்ள வெம்பல்லா,” என்று அம்மா அடுத்த வீட்டு ஆன்டியிடம் சொன்னதை நான் பாராட்டு என்றே நினைத்து, மரத்தடியில் அவளிடம் போய்ச் சொன்னேன்.

அவள் கீழே கிடந்த ஒன்றை எடுத்துப் பிளந்தாள். உள்ளே வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“இதுதானே வெம்பல்?” என்றாள்.

அதன் பிறகு அவள் மரத்தடிக்கு வரவே இல்லை.

குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னதும் வசந்தா வீட்டார்தான் முதலில் காப்பார் என்ற ஊருக்குக் கிளம்பினார்கள். லோரியில், சட்டிகளுக்கு நடுவே, தங்கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன். கிட்டே போனதும் லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே குனிந்து, “நல்லா படி, என்னா?” என்றாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது.