டிக் அடித்த பிறகு எரிந்த விளக்கு

ராஜா அண்ணாமலைபுரத்தில் மின்கம்பியை உரசிய தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழிக்கப் போயிருந்தோம். நான் பாதுகாப்புப் பொறியாளர், மரமேறுபவள் ரெஹானா. கயிறு, இடுப்பு பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். தெருவே அவளைத்தான் படமெடுத்தது. அந்த எரிச்சலில், சோதிக்காமலே சரிபார்ப்புப் பட்டியலில் 'கம்பியில் மின்சாரம் இல்லை' என்று டிக் அடித்தேன்.

"இன்னா மேடம், டெஸ்டர் வெச்சுப் பாக்கவே இல்லியே?" என்று சிரித்தாள் ரெஹானா.

நீளக்கோலில் டெஸ்டரை உயர்த்தினேன். விளக்கு எரிந்தது. தெரு இணைப்பைத் துண்டித்திருந்தும், ஏதோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. உடனே மேலாளரைக் கூப்பிட்டேன்.

ஓடிவந்த மேலாளரிடம் ரெஹானா, "மேடம்தான் சார் கண்டுபுடிச்சாங்க. இல்லாட்டி நான் காலி" என்றாள்.

அவர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அதுவரை அவள் ஏறுவதைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் மனசைப் பார்த்து.