பீஸ் கட்டை இருந்த கை

மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் தானாக ஓடும், தானாக நிற்கும். மேல் தொட்டி குறைந்தால் கீழே எங்கோ ஓர் உறுமல் எழும். நிறைந்தால் அடங்கிவிடும். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. அம்மா மட்டும் வாங்குவாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, நாற்காலியில் கண் அயர்ந்திருந்தாலும் சரி, உறுமல் கேட்டதும் அவளுடைய வலது கை விரல்கள் மெல்ல மடங்கி மூடிக்கொள்ளும்.

மகள் இதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டாள்.

"கை மரத்துப் போகுதாம்மா? டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"மரத்தெல்லாம் போகலடி. பழக்கம்."

என்ன பழக்கம் என்று கேட்க மகளுக்கு நேரமில்லை. ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கேட்டிருந்தாலும் ஒரே பேச்சில் சொல்லிவிடக் கூடியது அல்ல அது.

அம்மாவின் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். வீடுகளில் தண்ணீர் ஏற்றும் மோட்டார், பள்ளத்தில் கட்டிய வீடுகளில் கழிவுநீரைத் தெருச் சாக்கடைக் குழாய்க்குத் தூக்கிவிடும் மோட்டார், இரண்டும் பார்ப்பார். கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டாரைத் திறந்து, உள்ளே சுற்றும் சக்கரத்தில் சிக்கியிருந்த சணலை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு மனிதர் உடம்பெல்லாம் சோப்போடு குளியலறையிலிருந்து வந்தார். தண்ணீர் ஏன் நின்றது என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சுவிட்சைத் தட்டினார். இவருடைய இடது மோதிர விரலில் பாதி போயிற்று.

ஒரே வாரத்தில் தெரு அவருக்கு 'ஒன்பதரை' என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் தட்டி "ஒன்பதரை வந்திருக்கேன்" என்பார். ஆனால் காயம் ஆறிய பிறகும் வேலைக்குக் கிளம்ப அவரால் முடியவில்லை. பையில் ஸ்பானர்களை அடுக்குவார், வாசல் வரை போவார், செருப்பில் ஏதோ சிக்கியதுபோல் குனிந்து பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார். மூன்றாம் நாள் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நானும் வர்றேன். கட்டையைப் பிடுங்கி நான் கையில வச்சுக்கிறேன். என் கையில இருக்கறத எவன் தட்டுவான்?"

கட்டை என்றால் பீஸ் கட்டை. உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான், இரண்டு பக்கமும் செம்பு நாக்கு, நடுவில் மயிரிழைக் கம்பி. சுவரில் இருக்கும் பீஸ் பெட்டியில் செருகினால் மோட்டாருக்குக் கரண்டு பாயும். உருவிவிட்டால் யார் எத்தனை சுவிட்சைத் தட்டினாலும் மோட்டார் அசையாது.

அன்று முதல் சைக்கிளின் பின்னால் அவளும் ஏறினாள். அவர் மோட்டாரைத் திறக்கும் முன் அவள் கட்டையை உருவுவாள். உருவியதை எங்கும் வைக்க மாட்டாள். இடுப்பில் செருக மாட்டாள், பையில் போட மாட்டாள், ஜன்னல் விளிம்பில் ஒரு நிமிடம்கூட வைக்க மாட்டாள். மூடிய கைக்குள்தான். அவர் கையை உள்ளே விடும் முன் தலை நிமிராமல் கேட்பார்: "கட்டை?" அவள் சொல்வாள்: "கையில." வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு "போடு" என்பார். அதுவரை அந்த விரல்கள் திறக்காது. மூக்கு அரித்தால் இடது கையால் சொறிந்துகொள்வாள். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தால் அதுவும் இடது கையில்தான். சிலர் அதற்கு முகம் சுளித்ததும் உண்டு.

"புருஷன் குடுமி பொண்டாட்டி கையிலன்னு கேள்விப்பட்டிருக்கோம், இங்க உசுரே கையிலயா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்குக் 'கட்டைக்காரம்மா' என்று பெயர் நிலைத்தது.

எத்தனை வீடுகள்! எந்த வீட்டுக் கழிவுநீர்க் குழியில் என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். குழிக்குள் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. மோட்டாரைச் சங்கிலியில் கட்டி மேலே இழுத்து, வாளித் தண்ணீரால் அடித்துக் கழுவி, பிறகுதான் திறப்பார். ஒரு வீட்டில் முடிச்சு முடிச்சாகத் தலைமுடி. ஒரு வீட்டில் பிள்ளையின் பொம்மைக் கார், சக்கரம் நான்கும் பத்திரமாக. ஒரு வீட்டில் சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஒரு பல் செட். யாருடையது என்று அவர் விசாரித்தார். அந்த வீட்டுப் பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும் வழியில் இருவரும் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாக்கடை ஓரம் வரை போய்விட்டது. இப்போதும் யாராவது வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் அவளுக்குச் சிரிப்பு முட்டும்.

அப்படி ஒரு நாள்தான் அதுவும். எட்டுக் குடித்தனங்கள் இருந்த பள்ளத்து வீடு. கழிவுநீர் மோட்டாரைச் சுத்தம் செய்து குழிக்குள் இறக்கியாகிவிட்டது. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போது இவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தேடிக்கொண்டு ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் மகள் விழுந்து தாடை கிழிந்துவிட்டதாம். அவர் சைக்கிளை எடுத்தார், இவள் ஏறினாள். "போடு" என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததால் அவளும் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போடும் வரை மகளின் தலையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, சாயங்காலம் குழந்தைக்குத் தலைசீவ உட்கார்ந்தபோதுதான் சீப்பை எடுக்க வலது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் கட்டை இருந்தது. செம்பு நாக்கின் தடம் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவர் உடனே சைக்கிளை எடுத்தார். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு இருவரும் போனார்கள். எட்டு வீட்டுக் குளியலும் பாத்திரம் கழுவலும் குழியை நிரப்ப, கழிவுநீர் கீழ்த்தளக் குளியலறை வழியாக மேலே வந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர் ஒரு தையல்காரர். தரையில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, தானும் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுக்கில் அடியில் இருந்த மூட்டை மட்டும் தப்பவில்லை. அதே அளவில் வேறு கட்டை தேடியும் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

அவள் கட்டையைச் செருகினாள். மோட்டார் உறுமியது. பிறகு தையல்காரர் தடுக்கத் தடுக்க அந்தத் தரையைத் தானே கழுவிவிட்டாள். நனைந்த மூட்டையையும் வாங்கிவந்து மூன்று முறை அலசினாள்.

வீட்டுச் சொந்தக்காரர் அதிகம் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். மெக்கானிக் வரலாம், அந்தம்மா வரக் கூடாது. கட்டையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வேலை பார்த்தால் போதும். செய்தி பரவி, இன்னும் நான்கு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு மறந்துபோகிறவளை நம்பி ஒரு மனிதன் எப்படிக் கையை விடுவான்? இனி வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தனியாகப் போனார். பள்ளத்து வீட்டு மோட்டார் மறுபடி அடைத்திருந்தது. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"என்னங்க, முடிஞ்சிருச்சா?"

"கட்டையைப் பெட்டி மேல வச்சேன். மோட்டாரைத் திறந்தேன். கை உள்ள போகல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கிளம்பு" என்றார்.

பள்ளத்து வீட்டு வாசலிலேயே அதன் சொந்தக்காரர் மறித்தார். அவளைப் பார்க்காமல் அவரிடம், இவ்வளவு ஆன பிறகும் கூட்டிவருகிறாயே, மறுபடி மறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவர் தன் இடது கையை விரித்து அந்த அரை விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மறப்பாங்க சார். மறந்தா கட்டையை எடுத்துட்டுப் போவாங்க. மறந்து போட மாட்டாங்க. எனக்கு அது போதும்."

உள்ளேயிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்: "விடுங்க சார். போறப்ப அந்தம்மா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுப் போகட்டும். தீர்ந்துச்சு."

வேடிக்கையாகச் சொன்னதுதான். அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த இருபத்தாறு வருடம், எந்த வீட்டு வேலை முடிந்தாலும் வாசலில் நின்று இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அவள் சைக்கிளில் ஏறினாள். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே வந்து தாங்களும் கை விரிப்பார்கள். அவள் பொய்க்கோபத்தோடு அவர்கள் கையைச் சோதிப்பாள். மகள் கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாள். அவள் அதைத் தப்பாக நினைக்கவில்லை. வேறு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்குமாடி மோட்டார் உறுமாமல் முனகியது. அடைப்பு என்று அவளுக்குக் கேட்டவுடன் தெரிந்தது. ஒன்பதரை முழங்கால் வலியோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். "முனகுது" என்றார். "கேட்டுச்சு" என்றாள். மெக்கானிக் வந்ததும் அவள் கீழே இறங்கினாள். பின்னாலேயே, அம்மா எங்கே போகிறாள் என்று பார்க்க மகளும் வந்தாள்.

மெக்கானிக் சுவர்ப் பெட்டியில் இருந்த டிரிப்பர் சுவிட்சைக் கீழே தள்ளி, கரண்டை நிறுத்திவிட்டு மோட்டார் அறைக்குள் போனார். உருவ ஒன்றுமில்லை, கையில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பெட்டி வெளியே, ஆள் உள்ளே. அவள் பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன் மேல் வலது உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். இரண்டாவது மாடிக்காரர் தலையில் ஷாம்பு நுரையும் தோளில் துண்டுமாக வந்தார். தண்ணீர் நின்றுவிட்டதே, டிரிப்பர் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் நகரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. உள்ள ஒருத்தர் கை இருக்கு."

அவர் கை அப்படியே நின்றது. மோட்டார் அறையை எட்டிப் பார்த்தார். நுரை கண்ணில் இறங்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். உள்ளே மெக்கானிக்கின் ஸ்பானர் சத்தமும் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது.

மகள் கீழ்ப்படியில் நின்றபடி தாடையில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. மெக்கானிக் கை கழுவிக்கொண்டு வந்து, "இப்ப போடலாம்மா" என்றார். அவள் மூடியைத் திறந்து தானே டிரிப்பரை மேலே தள்ளினாள். உறுமல் சுத்தமாக எழுந்தது. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது மாடி பால்கனிக் கம்பிக்கு மேல் ஒன்பதரையின் தலை தெரிந்தது.

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.