முருகம்மாளின் மூக்கு

முருகம்மாள் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தாள். பிறகு இடது கையை. திருப்தியில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் வெறும் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைக்காமல் காற்றில் உதறிக் காயவைத்து, இன்னொரு தடவை முகர்ந்து பார்த்த பிறகுதான் முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் புளி கரைத்தாளாம். புளி கரைத்த கையால் ஏலக்காயைத் தொடுவது அவளைப் பொறுத்தவரை கொலைக்குற்றத்துக்கு ஒரு படிதான் கீழே.

போடியில் அவள் இருக்கும் தெருவில் காய் என்றால் ஏலக்காய்தான், மற்றதெல்லாம் காய்கறி. மலையிலிருந்து இறங்கி, ஏலம் போய், வியாபாரி ஞானசிகாமணியின் சரக்குக் கிட்டங்கிக்கு வரும் காயில் வாரம் இரண்டு மூட்டை அவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். பச்சை தனி, வெளுத்தது தனி, வாய் பிளந்தது தனி, பூச்சி கடித்தது தனி. முப்பத்தொரு வருடமாக இதே வேலை. ஐம்பத்தாறு வயதில் கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மூக்குக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

அந்த மூக்குக்குத் தெருவே பயப்படும். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி கருவாடு வறுக்க வேண்டுமானால் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுவாள். இங்கே சன்னல் சாத்தப்படும். வேலை நேரத்தில் முருகம்மாள் தலையில் எண்ணெய் இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. சாமி படத்துக்குப் பத்தி கொளுத்துவதுகூடப் பின்கட்டில்தான். வாசனை சோப்பை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை கொண்டுவந்ததில்லை. ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டால் ஒரே பதில் வைத்திருக்கிறாள்: "காயி கைப்புள்ள மாதிரிய்யா. யாரு தூக்குறாகளோ அவுக வாடை ஒட்டிக்கிரும்."

கைப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளுக்குக் கைப்பிள்ளை கிடையாது. கல்யாணமாகி மூன்றாம் வருடமே புருசன் போய்ச் சேர்ந்தார். தாய் தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளைய தம்பி விஜயபாண்டி. அவனைத்தான் வளர்த்தாள். அவன் மதுரைக்குக் கல்லூரி விடுதிக்குப் போனபோது பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அவன் வங்கி வேலைக்குப் போய், பவானியைக் கட்டி, மதுரையிலேயே வீடு கட்டிக் குடியேறியபோது அந்தத் தட்டை அக்கா வீட்டிலேயே விட்டுப் போனான். வரும்போதெல்லாம் அதில்தான் சோறு. வேறு யாருக்கும் அதில் பரிமாறமாட்டாள். முத்துலட்சுமி ஒரு தடவை அவசரத்துக்கு அதை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

விஜயபாண்டிக்கும் பவானிக்கும் பிள்ளை தங்கவில்லை. முருகம்மாள் வீரபாண்டி கௌமாரிக்கு நேர்ந்துகொண்டாள். சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றில் முங்கி எழுந்து, வேப்பிலையின் மேல் தீச்சட்டியை ஏந்தி, ஏழு வருடம் நடந்தாள். ஐந்தாம் வருடம் கங்கு ஒன்று தெறித்து இடது உள்ளங்கை வெந்தது. சட்டியை அவள் கீழே போடவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. காய் பொறுக்கும்போது அந்தக் கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது.

ஏழாம் வருடம் தம்பி வீட்டுக்கு நாய் வந்தது. புரூனோ என்று பெயர். வெண்ணெய் நிறத்தில், கன்றுக்குட்டி உயரத்தில், யாரைக் கண்டாலும் வாலாட்டுகிற லாப்ரடார். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதிர்கிற முடியைத் தவிர. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்று ஊரில் சொல்லுவார்கள். விஜயபாண்டி நிசமாகவே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, நிசமாகவே நடுவீட்டில், ஏசிக்கு நேர் கீழே படுக்க வைத்தான். போனில் பேசும்போது "அவன் சாப்ட்டான், அவன் தூங்குறான்" என்பான். இவள் பிடிவாதமாக, "அது எப்பிடி இருக்கு?" என்பாள்.

திருவிழாவுக்கு அவர்கள் முதன்முறை அதைக் கூட்டிக்கொண்டு வந்தபோது முருகம்மாளுக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. வருடத்தில் இரண்டு நாள் வருகிற தம்பி. மூட்டையைப் பரணில் ஏற்றியிருக்கலாம். அவனே வந்துவிட்டான் என்கிற மனக்குளிர்ச்சியில் அதை மறந்துபோனாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான். பொறுக்கி முடித்து வாய் கட்டாமல் வைத்திருந்த மூட்டையின் மேல் புரூனோ இரண்டு மதியமும் சுகமாகத் தூங்கியது. அவர்கள் போன பிறகு முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வாடையை எப்படிப் பொறுக்குவது?

ஞானசிகாமணி ஒரு கை காயை அள்ளினார், வாயால் ஊதினார், முகர்ந்தார். இருபது வருடமாக அவள் கொடுக்கும் மூட்டையை அவர் முகர்ந்து பார்த்ததேயில்லை. "என்ன முருகம்மா, வீட்ல நாயி வளக்குறியளோ?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மூன்று மாதம் அவள் வீட்டுக்கு மூட்டை வரவில்லை. மறுபடி வந்தபோது, அவள் பொறுக்கிக் கொடுத்ததைக் கிட்டங்கியில் வேறொருத்தி அவள் கண்ணெதிரிலேயே முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினாள். இப்போதும் முகர்ந்துதான் வாங்குகிறார்கள்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் முருகம்மாள் போன் போட்டாள். நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தாள். "நீயும் பவானியும் வாங்கய்யா. எத்தன நாள் வேணாலும் இருங்க. நாயி மட்டும் இங்கன உள்ள வர வேணாம். பின்னால தகரம் போட்டுக் கொட்டக கட்டிருக்கேன், சாக்கு விரிச்சிருக்கேன். அங்கன கெடக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வீடு அவளுடையது, பிழைப்பு அவளுடையது. வீடும் ரயில்பெட்டி போல ஒரே நீளம்; முன்னறையைத் தாண்டாமல் எந்த அறைக்கும் போக முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே எதுவும் படுக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

போனை பவானி வாங்கினாள். "அவன் வெளிய கெடந்து பழக்கமில்ல மதினி. எங்களுக்குப் புள்ள மாதிரி அவன்."

அங்கேதான் நாக்கு சறுக்கியது. சறுக்கியது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். "ஏழு வருசம் கையி வெந்து சட்டி எடுத்தேன் ஆத்தா. அந்தத் தாயும் கண்ணத் தொறந்தா. ஒரு நாயக் குடுத்தா" என்றாள் முருகம்மாள்.

பிள்ளையில்லாதவளுக்கு இன்னொரு பிள்ளையில்லாதவளின் வலி தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னாள். எங்கே குத்தினால் வலிக்கும் என்பது அந்த இடத்தில் குத்துப்பட்டவளுக்குத்தானே அத்துப்படி. மறுமுனையில் போன் கை மாறியது. தம்பியின் குரல் வந்தது: "அவன் வராத வீட்ல எனக்கு என்னக்கா வேல?"

அதோடு சரி. அந்த வருடம் வரவில்லை. முருகம்மாளும் சட்டி எடுக்கவில்லை; யாருக்காக எடுப்பாள்? தெருவில் கேட்டவர்களுக்கு, "ஆடிட்டு வேலையாம், லீவு குடுக்க மாட்டேங்குறாகளாம்" என்றாள். முத்துலட்சுமி மட்டும் விடாமல், "ஒரு நாயிக்காக ஒத்தத் தம்பிய விடுவியளாக்கா?" என்று கேட்டாள். "நாயிக்காக ஒத்த அக்காள விடலாமோ?" என்று திருப்பிக் கேட்டாள் இவள். கேள்வி இரண்டும் சரிதான்.

இந்தச் சித்திரையில் வருகிறோம் என்று தம்பியிடமிருந்து இரண்டு வரி வந்தது; வாட்ஸப்பில். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வந்துவிட்டுப் போகிறோம் என்று. நாயைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே முருகம்மாள் முறத்தை எடுக்கவில்லை. மூட்டையைப் பரணில் ஏற்றிக் கட்டினாள். விடிந்ததும் கறி எடுத்துவந்து, மசாலா அரைத்து, தன் கெடுபிடியைத் தானே மறந்துபோன மாதிரி தலைக்கு எண்ணெயும் வைத்துக்கொண்டாள்.

உச்சிவெயிலில் கார் வாசலில் நின்றது. இஞ்சின் நிற்கவில்லை. விஜயபாண்டி தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கினான். பின்சீட்டிலிருந்து புரூனோ தலையை நீட்டி வாலாட்டியது.

"எறங்கி வாய்யா. சோறு ஆறுது."

"இல்லக்கா. அவன விட்டுட்டு வர முடியாது. ஏசி ஓடணும்."

"பவானி, நீயாச்சும் வா ஆத்தா."

"எனக்குப் பசிக்கல மதினி" என்றாள் பவானி, முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

உள்ளே வரட்டும், நாயும் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூட்டைதான் பரணில் இருக்கிறதே. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது என்று முத்துலட்சுமியிடம் பிற்பாடு சொன்னாள். தொண்டை வரைதான் வந்தது. உள்ளே போய்த் தம்பியின் தட்டில் சோறும் குழம்பும் போட்டுத் தெருவுக்கு எடுத்து வந்தாள். நாலு வீட்டு வாசலில் ஆள் நின்று பார்க்க, அவன் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். அவள் தண்ணீர்ச் செம்போடு வெயிலில் நின்றாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அவன் நிமிரவே இல்லை.

கடைசியில் எலும்பும் ஒரு பிடிச் சோறும் மிஞ்சின. விஜயபாண்டி யோசிக்கவில்லை. வீட்டில் தினமும் செய்கிற மாதிரி திரும்பித் தட்டைப் பின்சீட்டுக்கு நீட்டினான். புரூனோ எலும்பைக் கடித்து, சோற்றை நக்கி, அவன் பெயர் பொறித்த இடத்தையும் சேர்த்துத் துடைத்து வைத்தது.

"கொழம்பு நல்லாருக்குக்கா" என்று தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். "அவனுக்கே புடிச்சுப் போச்சு."

பவானி அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பினாள். தட்டை வாங்கிய இடது கையைப் பார்த்தாள். "இந்த வருசமும் சட்டி எடுக்கலயா மதினி?" என்று கேட்டாள், மிகவும் மரியாதையாக.

"இல்ல ஆத்தா" என்றாள் முருகம்மாள்.

கண்ணாடி ஏறியது. கார் தேனி ரோட்டுப் பக்கம் திரும்பும் வரை நின்றுவிட்டு, அவள் வெளிக்குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சாம்பல் போட்டுத் தட்டைத் தேய்த்தாள். முகர்ந்தாள். புளியைப் போட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். நான்காம் தடவை வாடை இல்லை. அவள் மூக்குக்கே இல்லை. தட்டோடு எழுந்து வாசற்படி வரை வந்தவள் படியேறவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். தகரக் கொட்டகையில், எந்த நாயும் படுக்காத சாக்கின் பக்கத்தில், தம்பி பெயர் போட்ட அந்தத் தட்டை வைத்து, அது நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.