தர்மாஸ்பத்திரிச் சீசா

குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவின் கசப்பு நாக்கோடு நிற்காது. தொண்டையில் இறங்கி, மறுநாள் குடிக்கும் கேழ்வரகுக் கூழிலும் கூடவே வரும். மழை விட்டதும் குளிர்காய்ச்சல் தொடங்கிவிடும் இண்டூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போஸ்டாபீசில் சர்க்கார் மலிவு விலைக்குக் கொயினா பொட்டலம் விற்றவரை அப்பாவுக்குக் கவலையில்லை. சில்லறைதான் என்றாலும் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! அவர் ஊர் மணியக்காரர். வரி வசூலிக்கும் கை எதையும் சும்மா வாங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

யுத்தம் வந்ததும் பொட்டலம் மறைந்துபோனது. கடையில் என்ன விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. இருந்தது "தர்மாஸ்பத்திரி"யில் மட்டும்தான். அங்கே ஏழைகள் வரிசையில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் இலவசமாகக் கொயினாத் தண்ணீர் வாங்கி வருவார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தில் ரம்பப் பல் போல வெட்டிய காகிதத்தைக் கம்பவுண்டர் அந்தச் சீசாவில் ஒட்டித் தருவார். அதைப் பார்த்தாலே தர்மாஸ்பத்திரி மருந்து என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஐந்து வயதுத் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு பிதற்ற ஆரம்பித்தபோது அம்மா யாரையும் கேட்கவில்லை. வண்டி கட்டச் சொல்லி, அவனை மடியில் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்று மருந்தோடு வந்தாள். அப்பாவின் கண் பிள்ளை மேல் விழுவதற்கு முன் சீசாவின் மேல் விழுந்தது.

"தர்மச் சீசாவ நடு வூட்ல வெச்சிருந்தா, வர்ற போறவன் என்ன நெனப்பான்?" என்றவர், தண்ணீர் தொட்டுக் காகிதத்தைத் தானே சுரண்டி எடுத்தார்.

"எவ்வளவு குடுக்கறதுன்னு எப்புடிங்க தெரியும்?"

"கண்ணளவா குடு."

அம்மாவின் கண்ணளவு தாராளமானது. காய்ச்சல் தணியத் தணிய, மருந்து வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "காதுக்குள்ள வண்டு கத்துதும்மா" என்று தம்பி சொன்னதைக் காய்ச்சல் பிதற்றல் என்றே எல்லோரும் நினைத்தோம். காய்ச்சல் விட்டது. அதன்பின் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்பவில்லை. கொயினா அளவு மிஞ்சினால் காதைக் கெடுக்கும் என்று அதற்கப்புறம்தான் கேள்விப்பட்டோம்.

திரும்ப டாக்டரிடம் போகலாம் என்று அம்மா அழுதாள். "எவ்வளவு குடுத்தீங்கன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்று அப்பா தடுத்துவிட்டார். எங்கள் வீட்டுப் பேச்சு வாசல் தாண்டாது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை இருந்தது. அதற்குப் பிறகு "சாப்பிட்டியா" என்பதைக்கூட அவனிடம் தெருவே கேட்கும்படி கத்தவேண்டி வந்தது. அவர் முகம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவமானமாக இருக்கும். அவரை நினைத்தா, எங்களையெல்லாம் நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று அந்தக் கொயினாத் தண்ணீரும் இல்லை, மணியக்காரர் உத்தியோகமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. தம்பிக்கு ரத்த அழுத்தம். மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறேன். போன முறை மாத்திரை கொடுக்கும் பெண், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று அவனிடம் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஐயாவுக்கு எப்ப இருந்துங்க காது கேக்கல?"

வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

"பொறவியிலேயேங்க" என்றேன்.

நான் சொன்னது காதில் விழாத தம்பி, மாத்திரைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டான்.